இருமினால் கசியும் சிறுநீருக்குப் பல்கிங் ஊசி: அறுபது வயது மாமியாருக்குப் போடலாமா?

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மாமியாருக்கு வயது 61. மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். முப்பத்தைந்து ஆண்டுகளாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வருபவர். இருமினாலோ, தும்மினாலோ, நாற்று முடியைத் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது. தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர், சிறுநீர்க் குழாயைத் தாங்கும்படி அதன் கீழே நாடா வைக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம், அது வேண்டாமென்றால் குழாயின் சுவரைத் திரளச் செய்து கசிவைக் குறைக்கும் பல்கிங் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். “கத்தி வைக்கிறதா இருந்தா நான் வரல, ஊசின்னா வரேன்” என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறாராம். ஊசி பலன் தருமா, எத்தனை நாள் தாங்கும், பின்னால் தொந்தரவு வருமா என்பது மருமகளின் கவலை.

இந்த ஊரில் முப்பது ஆண்டுகளாக மகளிர் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாருக்கு இருப்பது இருமல், தும்மல் போன்றவை தரும் அழுத்தத்தால் வரும் கசிவுதான் என்று உறுதியானால், அவர் அறுவை சிகிச்சைக்கு மனமார இணங்கவில்லையென்றால், பல்கிங் ஊசி நியாயமான தேர்வு. ஆனால் அது நாடா சிகிச்சைக்குச் சமமான பலனைத் தருவதில்லை என்பதையும், ஒருமுறை போட்டதோடு முடியாமல் மீண்டும் போட வேண்டி வரலாம் என்பதையும் அவர் காதில் போட்டுவிட்டுத்தான் அழைத்துப் போக வேண்டும். ஊசி என்ற சொல்லே நம் ஊரில் ஒரு மயக்கத்தைத் தருகிறது. காய்ச்சலுக்கு ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நடமாடுவதைப் போல இதுவும் ஒரே குத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பி வருபவர்களே, ஆறு மாதம் கழித்து ஏமாந்துபோனதாகக் குறைப்படுகிறார்கள்.

கசிவு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஊசி என்ன செய்கிறது என்பதும் விளங்கிவிடும். பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். அதைக் கீழிருந்து தாங்கிப் பிடிப்பவை இடுப்புத்தளத் தசைகளும் அவற்றோடு சேர்ந்த இணைப்புத் திசுக்களும். உள்ளே குழாயின் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மூடுவது சுருக்குத்தசையும், இரத்த ஓட்டம் நிறைந்த மெத்தென்ற உட்சுவரும். பிரசவங்களால் தாங்குதளம் தளர்ந்துபோனால், இருமும்போது குழாய் கீழே இறங்கித் திறந்துகொள்கிறது. வயதாலும், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவதாலும், முன்பு நடந்த அறுவை சிகிச்சைகளாலும் சுருக்குத்தசையும் உட்சுவரும் மெலிந்தால், குழாய் தன் இடத்திலேயே இருந்தாலும் வாய் சரியாக மூடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும்.

வயல் வேலை தெரிந்த உங்கள் மாமியாருக்கு இதை வாமடையை வைத்து விளக்கலாம். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் வாமடையில் பலகையை இறக்கிய பிறகும் ஓரத்தில் தண்ணீர் ஒழுகினால், இரண்டு பக்கமும் சேற்றையும் வைக்கோலையும் திணித்து இடைவெளியை அடைப்போம் அல்லவா? பல்கிங் ஊசியும் அப்படித்தான். குழாயின் உட்சுவருக்கு அடியில் ஒரு பொருளைச் செலுத்தி அதைத் திரளச் செய்தால், சுவர்கள் நடுவை நோக்கித் தள்ளப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வரப்பே சரிந்துகிடந்தால் வாமடையில் மண் அடைத்துப் பயன் குறைவு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தாங்குதளம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு, வரப்பை உயர்த்திக் கட்டுவது போன்ற நாடா சிகிச்சையே கூடுதல் பலன் தருகிறது.

ஊசிக்கு முன்னால், கசிவு எந்த வகை என்பதை முடிவு செய்ய வேண்டும். இதில் அவசரப்படுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். இருமும் அதே நொடியில் கசிந்து, இருமல் நின்றதும் கசிவும் நின்றால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாத உந்துதல் வந்து, கழிவறைக்குப் போவதற்குள் நனைந்துவிட்டால் அது சிறுநீர்ப்பையின் மிகை இயக்கத்தால் வருவது. அதற்கு இந்த ஊசி பயன்படாது; சிறுநீர்ப்பைப் பயிற்சி, மாத்திரை என்று அதன் வழி வேறு. இரண்டும் சேர்ந்திருந்தால் எது அதிகம் தொல்லை தருகிறது என்று பார்த்து அதை முதலில் கவனிக்க வேண்டும். மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்திருப்பார். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை ஸ்கேனில் பார்ப்பதும், பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லிக் கசிவை நேரில் பார்ப்பதும் இன்றியமையாதவை. மீந்த சிறுநீர் அதிகமாக இருப்பவருக்குக் குழாயை இன்னும் இறுக்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கும் அடியிறக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும். நம் பெண்கள் அதையும் இதையும் சேர்த்து “அடியில தொந்தரவு” என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவதால், கேட்டுக் கேட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். நடவுக்குப் போகும் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வயலில் ஒதுங்க இடம் கிடையாது, குடித்தால் கசியும் என்ற இரண்டு காரணம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், தொற்று வரும், அடிக்கடி போகும் உணர்வு கூடும், கசிவும் கூடும். உள்ளே மடித்து வைத்த பழந்துணியோடு சேற்றுத் தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் நின்று தொடையிடுக்கெல்லாம் புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் வேலை செய்பவருக்குத் தண்ணீர் வேண்டும். குறைக்க வேண்டியவை டீயும் காப்பியும்தான்.

அடுத்தது பயிற்சி. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதி வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை அதுதான். காற்றை வெளியே விடாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளே இழுத்துப் பிடித்து, சில நொடிகள் வைத்திருந்து, பிறகு முழுவதும் தளர விட வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி நெறி, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும் என்கிறது. இருமலோ தும்மலோ வருவது தெரிந்ததும் அதற்கு ஒரு நொடி முன்பே இழுத்துப் பிடிப்பதும், நாற்று முடியைத் தூக்குவதற்கு முன் இழுத்துப் பிடிப்பதும் தனியாகப் பழக வேண்டிய நுணுக்கம். சரியாகச் செய்கிறார்களா என்பதை ஒருமுறையாவது மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பலர் இழுப்பதற்குப் பதிலாக முக்குகிறார்கள், அது கேடு. உங்கள் மாமியார் இதை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தாரா என்பது கேள்வியில் இல்லை. செய்யவில்லையென்றால் ஊசியைச் சற்றுத் தள்ளிப் போடுவதில் எந்த நட்டமும் இல்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே கசிவு குறையும். நெல் தூசியாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாள்பட்ட இருமலையும், மலச்சிக்கலையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

இனி ஊசிக்கு வருகிறேன். எதை உள்ளே செலுத்துகிறார்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுவதும்; அந்த வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதும் அன்று. 1970-களில் டெஃப்லான் துகள்களைப் பசைபோலக் குழைத்துச் செலுத்தினார்கள். அந்தத் துகள்கள் போட்ட இடத்தில் நில்லாமல் நுரையீரல் வரை நகர்வதும், சுற்றிலும் கட்டிகள் உண்டாவதும் தெரியவந்து அதைக் கைவிட்டார்கள். நோயாளியின் சொந்த வயிற்றுக் கொழுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டபோது அது மேலாக இல்லை. கொழுப்புத் துணுக்கு நுரையீரலுக்குப் போய் உயிரிழப்பும் பதிவாகியிருக்கிறது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1993-இல் அனுமதித்தது. ஒவ்வாமை வரலாம் என்பதால் முன்கூட்டியே தோலில் சோதனை ஊசி போட வேண்டும். சில மாதங்களில் உடலே அதைக் கரைத்துவிடுவதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 2011-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. ஹயலூரோனிக் அமிலத்தோடு டெக்ஸ்ட்ரானோமர் சேர்ந்த ஒன்று, போட்ட இடத்தில் சீழ்க்கட்டி போன்ற வீக்கங்களைத் தந்து விலகியது. எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற மற்றொன்று குழாய்ச் சுவரை அரித்து வெளியே வந்ததால் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இன்று உலகில் புழக்கத்தில் இருப்பவற்றுள் முக்கியமானவை சில. சிலிக்கோன் துகள்களால் ஆன மேக்ரோபிளாஸ்டிக் ஐரோப்பாவில் 1991 முதலும், அமெரிக்காவில் 2006 முதலும் உள்ளது. கார்பன் பூசிய சிர்க்கோனியம் மணிகளைக் கொண்டது டியூராஸ்பியர். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட்டைக் கொண்டது கோப்டைட். பாலிஅக்ரிலமைடு ஹைட்ரோஜெல்லான பல்காமிட்டை அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது. ஐரோப்பாவில் அதற்கு நெடுநாள் முன்பே பயன்பாட்டில் இருந்தது. இந்தக் கடைசிப் பொருளில் 97.5 விழுக்காடு தண்ணீர், 2.5 விழுக்காடுதான் பாலிஅக்ரிலமைடு. துகள்கள் இல்லாத ஒரே சீரான ஜெல் என்பதால் நகர்வதற்கு வாய்ப்புக் குறைவு. உடல் அதைக் கரைப்பதுமில்லை. நாளடைவில் உடலின் இழைகள் அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்கின்றன. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “நீங்கள் போடப்போகும் பொருளின் பெயர் என்ன?” என்பதே. பெயரை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிற்காலத்தில் வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது அந்தத் திரட்சி கட்டியாகவோ கல்லாகவோ தெரிந்து குழப்பம் வரக்கூடும். அப்போது அந்தச் சீட்டு வீண் பயத்தையும் வீண் அறுவை சிகிச்சையையும் தவிர்க்கும்.

போடும் முறை பயப்படும்படியானதன்று. பிரசவ அறையில் படுப்பதுபோலக் கால்களை உயர்த்திப் படுக்க வைப்பார்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, பக்கத்தில் மரத்துப்போகும் ஊசியும் போடுவார்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. மெல்லிய கேமராக் குழாய் உள்ளே போகும். திரையில் பார்த்தால் இளஞ்சிவப்பான ஒரு சுரங்கம் தெரியும். கடைசியில் சிறுநீர்ப்பையின் வாய் வட்டமாகத் திறந்து கிடக்கும். அந்த வாய்க்குச் சற்று முன்னதாக, சுவரின் மெல்லிய தோலுக்கு அடியில் ஊசி நுழைந்து சொட்டுச் சொட்டாக ஜெல்லை விடும்போது, பால் காயும்போது ஆடையின் கீழ்க் குமிழி எழுவதுபோல வெளிறிய ஒரு மேடு மெல்ல எழும்பும். பிறகு எதிர்ப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்று அல்லது நான்கு இடங்களில் மொத்தம் 1.5 முதல் 2 மி.லி. வரை போனதும், சற்றுமுன் திறந்து கிடந்த சுரங்கம் மூடிய உதடுகளைப் போல ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். கால் மணி நேர வேலை. தையல் இல்லை, வெளியே தழும்பும் இல்லை.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் தானாகச் சிறுநீர் கழித்துக் காட்டிய பிறகுதான். ஓரிரு நாள் எரிச்சலும் லேசான இரத்தக் கலப்பும் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று சிலருக்கு வரும். சிலருக்குத் தற்காலிகமாகச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு சிக்கலைப் பற்றித் தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஊசி போட்ட மருத்துவமனை தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும், இரவு பதினோரு மணிக்கு அடைத்துக்கொண்டால் நீங்கள் போவது பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு. அங்கே வழக்கப்படி பலூன் வைத்த டியூபைப் போட்டு நாட்கணக்கில் விட்டுவிடப் பார்ப்பார்கள். அப்படி விட்டால், இன்னும் இறுகாத ஜெல் அந்த டியூபைச் சுற்றியே அதன் அளவுக்கு வடிவம் கொண்டுவிடும். போட்ட ஊசி வீணாகும். மெல்லிய டியூபை உள்ளே விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவதே முறை. இதை மருத்துவரிடமே ஒரு வரி எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கடுமையான வலி, கீழே புதிதாகத் தட்டுப்படும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பலன் எவ்வளவு என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். பல்காமிட்டையும் பழைய கொலாஜனையும் ஒப்பிட்டு 345 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் பல்காமிட் போட்டவர்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்குக் கசிவு பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது; 77 விழுக்காட்டினர் தாங்கள் குணமடைந்ததாகவோ தேறியதாகவோ சொன்னார்கள். பின்லாந்தில் 224 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாடாவும் மற்றதற்கு இந்த ஜெல்லும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு நாடா வைத்தவர்களில் 95 விழுக்காட்டினரும், ஊசி போட்டவர்களில் சுமார் 60 விழுக்காட்டினரும் நன்கு திருப்தி அடைந்திருந்தார்கள். சிக்கல்கள் நாடா வைத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. முதல் ஆய்வில் பாதிப் பேருக்கும் கூடுதலானவர்களுக்குக் கசிவு பாதியாகவாவது குறைந்ததே தவிர எல்லோருக்கும் அறவே நிற்கவில்லை என்பதையும், அப்படியும் முக்கால் பங்குப் பேர் தேறியதாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை நனைந்தவர் இரண்டு முறை நனைந்தால் அவருக்கு அது பெரிய விடுதலை. என்னிடம் வந்த ஒரு பூக்காரம்மாவுக்குக் கசிவு முழுவதும் நிற்கவில்லை. “பஸ்ஸுல பக்கத்துல ஆள் உட்காந்தா இப்ப பயமில்ல, அது போதும்” என்றார். வயலில் பாரம் தூக்கும் வேறொருவர், பாதி குறைந்தது போதாதென்று, ஓராண்டில் நாடா வைத்துக்கொண்டார். ஊசி போட்டிருந்தது அதற்குத் தடையாக இல்லை.

நாடா சிகிச்சையைப் பற்றியும் உங்கள் காதில் பல செய்திகள் விழுந்திருக்கும். 1996-இல் சுவீடனின் உல்ம்ஸ்டன் அறிமுகப்படுத்திய இந்த முறையில், செயற்கை இழையால் ஆன மெல்லிய நாடா ஒன்று குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே தொட்டில்போல வைக்கப்படுகிறது. சிலருக்கு அந்த நாடா அரித்து வெளியே தெரிவதும், நாள்பட்ட வலியும் வந்ததால், இங்கிலாந்தில் 2018-இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் அங்கே பல்கிங் ஊசிக்கு மவுசு கூடியது. ஆகவே ஊசியின் இன்றைய புகழில் ஒரு பங்கு அதன் சொந்தத் திறமை, ஒரு பங்கு நாடாவின் மேல் வந்த அச்சம். என் கருத்தில், அனுபவமுள்ள கைகளில் நாடா இன்றும் நல்ல சிகிச்சைதான். செயற்கைப் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குச் சொந்த வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த பட்டையை வைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் எடை போடுவது இப்படி. வயது 61, இன்னும் பாரம் தூக்கும் வேலை, ஊசியை விட நாடா நெடுநாள் தாங்கும் வாய்ப்பு: இவை நாடாவின் பக்கம். அறுவை சிகிச்சைக்கு அவருடைய மறுப்பு, ஓரிரு நாளில் எழுந்து நடமாட முடிவது, பலிக்காவிட்டால் மற்ற வழிகள் திறந்தே இருப்பது: இவை ஊசியின் பக்கம். இருதய நோய், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கட்டுக்கடங்காத சர்க்கரை ஏதாவது இருந்தால் தராசு ஊசியின் பக்கம் இன்னும் சாயும். அந்த மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விடுங்கள். மாதவிடாய் நின்று வறண்டுபோன இடத்துக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தேவையா என்றும் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது ஊசி போடக் கூடாது.

செலவு பொருளுக்குப் பொருள் மாறும், இரண்டாம் முறை போட வேண்டி வந்தால் அதுவும் சேரும். ஆகவே ஒரு முறைக்கான தொகையை மட்டும் கேட்காமல், இரண்டு முறைக்கான தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று கேட்டுவிடுவது நல்லது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் ஒரு இரண்டாம் கருத்தும் கேட்கலாம்.

நாள் பார்ப்பதென்றால், சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி ஏற்றது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவதற்குள், முதல் ஊசியின் பலன் தெரிந்து, தேவையானால் இரண்டாவதையும் போட்டுத் தேற அவகாசம் இருக்கும். நாடா என்று முடிவானாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்காமலிருக்க அதே இடைவெளி உதவும். அதற்கு முன், மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார், என்ன செய்யும்போது கசிந்தது. அவருக்கு எழுத வராதென்றால் பேரப்பிள்ளையிடம் விடாதீர்கள், கூச்சப்பட்டுப் பாதியை மறைப்பார்; நீங்களே இரவில் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனையில் இருமச் சொல்லிப் பார்ப்பதற்குப் பை நிறைந்திருக்க வேண்டும். ஆனால் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரை நிறைந்த பையோடு பேருந்தில் உட்கார வைக்காதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு போங்கள்.